மூன்று தடவையும் போட்ட சொட்டு

செவிலிமேடு
24.3.2025

சம்பந்தி அம்மாவுக்கு,

தீபிகா குரூப் நாலு தேர்வில் தேறிவிட்டாள், சான்றிதழ் சரிபார்க்க வரச்சொல்லிவிட்டார்கள். பாலாஜி பாலிடெக்னிக்கில் வைத்திருந்த இரண்டு அரியரையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டான். அஜித் மாவட்டக் கேரம் போட்டியில் இரண்டாவதாக வந்தான். முதலாவது வந்த பையனுக்கு மீசையே முளைத்திருந்தது, அதனால் நான் இதை முதல் பரிசாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இவர்கள் மூவரும் என் மகன் கண்ணாயிரத்தின் பிள்ளைகள். இப்போது என் மகள் அபிநயா பெற்றவள், உங்கள் மகன் தனசேகரன் பெற்றவள், நம் அனு! பிறந்து மூன்று மாதம் ஆகவில்லை, அவளும் ஒரு பரீட்சையில் நூற்று இருபத்தெட்டு வாங்கியிருக்கிறாள்!

போலியோ சொட்டு போடுகிறார்கள் அல்லவா, அது ஒவ்வொரு குழந்தையின் உடம்பிலும் எவ்வளவு எதிர்ப்பை உண்டாக்குகிறது என்று ஒரு மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இங்கே பார்க்கிறார்கள். ஒன்றரை மாதத்தில் ஒரு தடவை, மூன்றரை மாதத்தில் ஒரு தடவை, ஆறு மாதத்தில் ஒரு தடவை, கொஞ்சமே கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். ஒரு ஸ்பூன் கூட இருக்காது. முதல் ரத்தத்தின் முடிவு வந்துவிட்டது. போலியோவில் வகை உண்டாம். ஒன்றாம் வகைக்கு நூற்று இருபத்தெட்டு, மூன்றாம் வகைக்கு அறுபத்து நான்கு. எட்டு இருந்தாலே போதுமாம் அம்மா! எட்டு போதும் என்கிற இடத்தில் நூற்று இருபத்தெட்டு! முந்திரி போட்டுக் கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தேன். முடிவைக் கொண்டுவந்த நர்ஸ் நஸ்னீனுக்கு இரண்டு கிண்ணம். அந்தப் பெண் சாப்பிட்டுக்கொண்டே, "ஆயா, இது மார்க் இல்ல. இன்னும் ரெண்டு ரத்தம் பாக்கி இருக்குது, கொஞ்சம் பொறும்மா" என்றாள். "மொத பரீட்சையிலியே இப்பிடின்னா, பெரிய பரீட்சையில எப்பிடி இருக்கும் பாத்துக்கினே இரு" என்று சொல்லி அனுப்பினேன்.

இதைப் போனில் சொல்லலாம் என்றால், இரண்டு தடவை மணி அடித்ததும் நீங்கள் நிறுத்திவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி நிறுத்த முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் எனக்கு எழுத்து அழகாக வரும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
பொன்னியம்மாள்


வாலாஜாபாத்
1.4.2025

பொன்னியம்மாள் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல யாரும்மா உங்களுக்கு லெட்டர் எழுதறது?" என்றார். சண்டைக்காரர் என்றேன்.

பிள்ளைகள் தேறியது சந்தோஷம்.

என் பேத்தியின் உடம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுக்க யாரைக் கேட்டீர்கள்? அவள் அப்பா சரி என்று சொன்னானாம். அவன் எதற்குத்தான் இல்லை என்று சொன்னான்? ஐந்தாம் மாதம் குழந்தை இங்கே வருகிறாள். வந்த பிறகு சொட்டு போடட்டும், தடுப்பூசி போடட்டும், அதற்கெல்லாம் நான் குறுக்கே நிற்கிறவள் இல்லை. ஆனால் பரீட்சைக்கு என்று ஒரு சொட்டு ரத்தம் என் வீட்டில் யாரும் எடுக்க முடியாது. ஆறாம் மாதத்து ரத்தத்தை மறந்துவிடுங்கள்.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று தெரியாதவர் போல எழுதியிருக்கிறீர்கள். பேர் வைத்த அன்று என் மூத்தவன் தர்மன் குழந்தையைக் கையில் வாங்கினான். அவன் தொடையில் கை ஊன்றித்தான் நடப்பான், அன்று குழந்தை கையில் இருந்ததால் நின்ற இடத்திலேயே நின்றான். அத்தனை பேர் நடுவில் நீங்கள் சொன்னது இது: "எங்க வூட்டுக் கொழந்தைக்கு ஒரு சொட்டு கூட தவறவுட மாட்டோம்பா. தவறவுட்டுட்டு அப்பறம் ஆயுசுக்கும் யாரு சொமக்கறது?"

அவன் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனான். சாப்பிடவும் இல்லை.

நான் தவறவிடவில்லை. மூன்று தடவையும் போட்டேன். போட்டும் வந்தது.

காமாட்சியம்மாள்


செவிலிமேடு
21.4.2025

சம்பந்தி அம்மாவுக்கு,

சித்திரை பிறந்ததும் இரண்டாவது ரத்தம் எடுத்தாகிவிட்டது! அனு அழுதாள், ஆனால் ஊசி வெளியே வந்ததும் நிறுத்திவிட்டாள். பக்கத்தில் இருந்த ஆறு மாதப் பையன் வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான். இந்த வயதிலேயே என்ன பொறுமை பாருங்கள்! ரத்தம் எடுத்த பிறகு அன்றைக்குரிய சொட்டையும் போட்டுவிட்டு, கையில் தடுப்பூசியும் போட்டார்கள். சொட்டு உள்ளே போனதும் உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு நஸ்னீனைப் பார்த்தாள், இன்னும் கொடு என்கிற மாதிரி. "அரை மணி நேரம் பால் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய கதை ஆயா, இப்பவே கொடு" என்கிறாள்.

அன்று சொன்னது பற்றி எழுதியிருந்தீர்கள். நான் தர்மனை நினைத்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னேன். தர்மன் தங்கமான பிள்ளை. எங்கள் மிக்ஸி அவன் கை பட்ட பிறகு இன்று வரை நிற்கவில்லை.

உங்கள் மேல் தப்பு சொல்லவும் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முந்திய சமாச்சாரம். அந்தக் காலத்தில் வெயில், மழை, வீட்டு வேலை, ஒரு தடவை போக முடியாமல் இருந்திருக்கும். மூன்று என்று நினைப்பில் நின்றிருக்கும், இரண்டாக இருந்திருக்கும். அதற்கு யாரும் உங்களைத் தூக்கில் போடப் போவதில்லை. மனதில் வைத்துக்கொள்ளாமல் ஆறாம் மாதத்து ரத்தத்துக்குச் சம்மதம் சொல்லுங்கள். மூன்று தடவையும் இருந்தால்தான் குழந்தையின் கணக்கு முழுசாகுமாம். பாதிப் பரீட்சையில் எழுப்பிக்கொண்டு வருகிற மாதிரி ஆகிவிடும்.

பொன்னியம்மாள்


வாலாஜாபாத்
28.4.2025

பொன்னியம்மாள் அவர்களுக்கு,

இரண்டு இல்லை. மூன்று.

முதல் தடவை போனபோது நர்ஸம்மா ஃபிளாஸ்கைத் திறந்து காட்டினார். உள்ளே ஐஸ் மிதந்தது. இரண்டாம் தடவை மழை. ரைஸ் மில் லாரியில் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து, அவன் தலைக்கு மேல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன். மூன்றாம் தடவை அவர்கள் சொன்னபடி பால் கொடுக்காமல் வைத்திருந்தேன். வீடு வந்து சேரும் வரை தொண்டை கிழியக் கத்தினான். இப்போது அதெல்லாம் பழைய கதை என்கிறீர்கள். எனக்கு மார்பு கட்டி இரண்டு நாள் காய்ச்சல்.

நடக்க ஆரம்பித்திருந்தான். ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கால் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது, "எத்தினி தடவை போடாம வுட்ட?" என் மாமியார் கேட்டது, என் நாத்தனார் கேட்டது, அவனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் கேட்டது, கடைசியில் நீங்கள். மூன்று என்று சொன்னால் எல்லோரும் உங்களைப் போலத்தான் தலையை ஆட்டுவார்கள். பாவம், மறந்துவிட்டாள்.

அந்த டாக்டர்கள் அத்தனை படித்தவர்கள் என்றால் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். மூன்று தடவையும் போட்ட பிள்ளைக்கு ஏன் வந்தது? பதில் இல்லையென்றால் எழுதவேண்டாம்.

கா.


செவிலிமேடு
22.5.2025

சம்பந்தி அம்மா,

கருட சேவைக் கூட்டத்தில் பஸ்ஸே நகரவில்லை, அதில் நஸ்னீன் வியர்த்து விறுவிறுத்து வந்து முடிவைக் கொடுத்தாள். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒன்றாம் வகைக்கு இருநூற்று ஐம்பத்தாறு. மூன்றாம் வகைக்கு எட்டுக்குக் கீழே.

எட்டுக்குக் கீழே! அறுபத்து நான்கு வாங்கியவள்!

"வேற யாரோட காகிதத்தையோ கொண்டாந்துட்ட" என்று நஸ்னீனோடு சண்டை போட்டேன். அதற்குள் என் மருமகள் அடுப்படியிலிருந்து வந்தாள். "எந்தச் சொட்டு அத்தே வுட்டுட்டீங்க? பத்தாவது வாரம் பாளையம் கல்யாணத்துக்குப் போனீங்களே, அப்பவா?" என்றாள். கல்யாணத்துக்குப் போனது சொட்டு போட்டுக்கொண்டு வந்த மறுநாள். சொன்னேன். "செரி அத்தே, செரி" என்றாள். அந்தச் "செரி" இருக்கிறதே அம்மா, அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எதிர்வீட்டு ஜுபைதா கேட்டாள். கேசரி சாப்பிட்ட வாயெல்லாம் கேட்டது. பிறந்த அன்று ஒன்று, அப்புறம் இரண்டு, மூன்றுக்கும் நானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஒருத்தரும் நம்பவில்லை.

அன்று மத்தியானம் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். சாயங்காலமே கிளம்பிப் போய் டாக்டர் ஜான்சனைப் பிடித்தேன். அவர்தான் இந்த ஆராய்ச்சிக்குப் பெரியவர். முதலில் உங்கள் கேள்வியைத்தான் கேட்டேன், அனுவைப் பற்றி அப்புறம்தான்.

அவர் சொன்னதைக் கேளுங்கள்! சொட்டில் இருப்பது செத்த கிருமி இல்லையாம், பலத்தைக் குறைத்து வைத்த உயிருள்ள கிருமியாம். அது குழந்தையின் குடலில் தங்கிப் பெருகவேண்டுமாம். அப்போதுதான் உடம்பு அதைப் பார்த்து எதிர்ப்பை உண்டாக்கும். நம் பக்கத்துக் குழந்தைகள் குடலில் ஏற்கெனவே வேறு கிருமிகள் இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கும். காலை நேரத்து ஸ்ரீபெரும்புதூர் வண்டியில் ஏற முடியாமல் திரும்பி வருகிறோம் அல்லவா, அப்படிச் சொட்டு தங்காமல் வெளியே போய்விடுமாம்! வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு மூன்றிலேயே பிடித்துக்கொள்வது இங்கே சில பிள்ளைகளுக்கு மூன்று போட்டும் பிடிக்காதாம். அதனால்தான் இப்போது தடவைகளைக் கூட்டி, கையில் ஊசியும் சேர்த்திருக்கிறார்கள்.

"அப்ப மூணு தடவை போட்டேன்னு சொல்ற பொம்பள பொய் சொல்லலியா டாக்டர்?" என்று கேட்டேன். "யாரும்மா பொய்யின்னு சொன்னது?" என்றார். 

இன்னொன்றும் சொன்னார். முதலில் வந்த நூற்று இருபத்தெட்டும் அறுபத்து நான்கும் அனுவுடையதே இல்லையாம்! வயிற்றில் இருக்கும்போது அபிநயா கொடுத்தனுப்பிய எதிர்ப்பாம். கட்டுச்சோறு மாதிரி, கொஞ்ச காலத்தில் தீர்ந்துபோகும். இனிமேல் அவளே சமைத்துக்கொள்ள வேண்டும். நான் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தது அபிநயாவின் ரத்தத்துக்கு. சிரியுங்கள், பரவாயில்லை.

இப்போது விஷயம். அந்த ரத்தம் எடுத்த பிறகுதான் நாலாவது சொட்டும் கை ஊசியும் போட்டார்கள். அது பிடித்ததா என்று ஆறாம் மாதத்து ரத்தத்தில்தான் தெரியும். பிடிக்கவில்லை என்றால் இன்னும் போடுவார்கள். பார்க்காமல் விட்டால் எப்படித் தெரியும்? ஜூன் முதல் தேதி நல்ல நாள், குழந்தையைக் கொண்டுவந்து விடுகிறார்கள். நான் வரமாட்டேன், உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஊசியை மட்டும் தடுத்துவிடாதீர்கள்.

பொன்னியம்மாள்


வாலாஜாபாத்
5.6.2025

சம்பந்தி அம்மாவுக்கு,

குழந்தை வந்து சேர்ந்தாள். வண்டிக்குள் நீங்கள் இருக்கிறீர்களா என்று எட்டிப் பார்த்தேன். தொட்டில், வெள்ளி டம்ளர், மூன்று பை துணி, எல்லாம் இறங்கின, உங்களைத் தவிர.

சிரிக்கச் சொன்னீர்கள், சிரித்தேன். நூற்று இருபத்தெட்டுக்குக் கேசரி, எட்டுக்குக் கீழே போனதற்கு என்ன கொடுத்தீர்கள், கஞ்சியா?

உங்கள் கடிதத்தைத் தர்மனின் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டேஷன் எதிரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். "படிச்சுக் காட்டும்மா, கையில கிரீஸ்" என்றான். கடிதத்தில் ஸ்ரீபெரும்புதூர் வண்டி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னான். திருப்பிப் படிக்கச் சொன்னான். மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னான். அப்புறம் மறுபடியும் செம்புக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தான்.

காகிதத்தில் படித்தது போதாது. நாளைக்கு யாராவது கேட்டால், சம்பந்தி எழுதினாள் என்றா சொல்வது? அந்த டாக்டர் என் வீட்டுக்கு வரட்டும். தர்மன் முன்னால், என் நாத்தனார் முன்னால், அவர் வாயால் சொல்லட்டும். சொன்னால் அனுவை என் மடியிலேயே வைத்துக்கொண்டு நானே அவள் கையை நீட்டுகிறேன்.

குழந்தை ராத்திரி மூன்று தடவை எழுகிறாள். உங்கள் வீட்டிலும் இப்படித்தானா, அல்லது எனக்கென்று வைத்திருக்கிறாளா?

காமாட்சியம்மாள்


வாலாஜாபாத்
12.8.2025

சம்பந்தி அம்மா, சம்பந்தி அம்மா,

இருநூற்று ஐம்பத்தாறு! மூன்றாம் வகைக்கு இருநூற்று ஐம்பத்தாறு! பிடித்துவிட்டது! இது அபிநயாவுடையது இல்லை, கட்டுச்சோறு இல்லை, முழுக்க முழுக்க அனுவே உண்டாக்கியது. ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டேன்! நஸ்னீன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே "ஆயா, ஏறிடிச்சி" என்று கத்திவிட்டாள். நான் மாவுக் கையோடு ஓடினேன். போனில் சொல்லியிருக்கலாம், எடுத்தும்விட்டேன், ஆனால் பேச வரவில்லை. எழுதத்தான் வருகிறது. உங்களால் வந்த பழக்கம்.

ஜூலையில் ரத்தம் எடுத்த அன்று நடந்ததை நான் எழுதவே இல்லை. முடிவு தெரியாமல் எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன். டாக்டர் ஜான்சன் நான் கேட்டபடியே வந்தார். நீங்கள் போய் அவர் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டீர்களாமே, வருகிறேன் என்று சொல்லும் வரை எழுந்திருக்கவில்லையாமே! அதையும் அவரே சொன்னார்.

என் நாத்தனாரைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தேன். டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். "நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இவருக்கு இதுதான் நடந்துதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா மூணு தடவை போட்டும் வந்த பிள்ளைங்க அந்தக் காலத்துல நெறைய பேரு. போட்டேன்னு சொன்ன தாயை நம்பாம இருந்ததுதான் தப்பு" என்றார். நாத்தனார், "அப்பிடியா, எங்களுக்கு என்ன தெரியும்" என்று மோர் கேட்டாள். அவளுக்கு அவ்வளவுதான் வரும்.

தர்மன்தான் பேசினான். அவன் இதைப் பற்றி வாயைத் திறந்து நான் கேட்டதே இல்லை. "காலு இப்பிடி ஆனது பழகிடிச்சி சார். எங்கம்மாவைப் பொய் சொல்றாங்கன்னு சொன்னாங்களே, அதுதான் இன்னி வரைக்கும் பழகல" என்றான்.

அப்புறம் அவன்தான் அனுவை மடியில் வைத்துக்கொண்டான். நான் வைத்துக்கொள்வதாகத்தான் சொல்லியிருந்தேன், விடவில்லை. ஊசி போனபோது குழந்தை அழவில்லை, அவன் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழுதது யார் என்று எழுதமாட்டேன்.

கேசரி கிண்டினேன். முந்திரி போட்டு. ரைஸ் மில் வரைக்கும் கொடுத்தேன்.

காமாட்சி


செவிலிமேடு
16.8.2025

சம்பந்தி அம்மா,

கடிதத்தைப் படித்த உடனே எங்கள் மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சத்தமாக, கமா புள்ளி விடாமல் படித்துக் காட்டினேன். "இருநூத்தி அம்பத்தாறா அத்தே!" என்றாள். "செரி" என்றேன் நான். அவளுக்குப் புரிந்தது.

ஜுபைதா வீட்டில், எதிர்க்கடையில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லாம் சொல்லிவிட்டேன். அனுவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. வாலாஜாபாத்தில் என் சம்பந்தி ஒருத்தி இருக்கிறாள், மழையில் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து பிள்ளைக்குச் சொட்டு போட்டுவிட்டு வந்தவள், மூன்று தடவையும் போட்டவள் என்று சொன்னேன். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் எண்ணைச் சொல்கிறேன். பேர் வைத்த அன்று அங்கே இருந்த நான்கு பேரைத் தேடிப் போய்ச் சொன்னேன். இன்னொருத்தி ஊரில் இல்லை, வந்ததும் சொல்வேன்.

ஆடி போய் ஆவணி வரப்போகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். எனக்குச் சீட் கிடைக்காவிட்டாலும் நின்றுகொண்டே வருகிறேன். வாசலில் தர்மன் இருந்தால் முதலில் அவனிடம்தான் பேசவேண்டும், நீங்கள் நடுவில் வராதீர்கள். என்ன பேசுவேன் என்று இன்னும் தெரியவில்லை.

அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். இங்கே யாரிடம் சொன்னாலும் எங்கே காட்டு, எங்கே காட்டு என்கிறார்கள். அபிநயா போனில் அனுப்புவது எல்லாம் குழந்தை தனியாகக் கிடக்கிறது. எனக்கு அது வேண்டாம். ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவுக்கு மூன்று பேரும் போங்கள். தர்மன் உட்கார்ந்து அனுவை மடியில் வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், தலையைக் குனியாமல். கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரிப் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். மடங்காமல் இருக்க உள்ளே அட்டை வைத்து, நாளைக்கே புதுப் போட்டோவைத் தபாலில் போட்டுவிடுங்கள்.

பொன்னி